விசில் போட்ட கணக்கு

"வண்டியில இடம் இல்லடா," என்றான் கேப்டன்.

விசில் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். டிரைவரை விட்டால் பதினான்கு இருக்கைகள். ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர், கோச் ஒருவர். பதினான்காவது இருக்கையில் பந்துப் பை உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் வேறு மாட்டியிருந்தார்கள்.

"பையை நான் மடியில வெச்சுக்கறேனே?"

"அது டீமோட பை. நீ யாரு?"

மூன்று வருடங்களாக எல்லோரும் விசிலிடம் கேட்கிற கேள்வி இது. கல்லூரிக் கூடைப்பந்து டீமில் சேர முதல் ஆண்டே போய் நின்றவன் அவன். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கோச் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "அடுத்த வருஷம் வளர்ந்துட்டு வா," என்று அனுப்பிவிட்டார். அவன் வளரவில்லை. ஆனால் டீமை விட்டு நகரவும் இல்லை. டீம் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போனான். தண்ணீர் பாட்டில் தூக்கினான். வியர்வைத் துண்டுகளைப் பிழிந்து காயப்போட்டான். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அந்த விசில்தான் அவனுக்குப் பெயராயிற்று, அதுவேதான் வினையும் ஆயிற்று.

முதல் வருடம் ஒரு போட்டி. கடைசிப் பத்து வினாடி. டீமிலேயே உயரமானவனான நெட்டை பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். எதிரே ஒருவனும் இல்லை, வளையம் மட்டும்தான் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் விசில் ஒரு விசில் அடித்தான். அது நடுவரின் விசிலைப் போலவே இருந்தது. நெட்டை சட்டென்று நின்று, நல்ல பிள்ளையாகப் பந்தைத் தரையில் வைத்துவிட்டு நடுவரைப் பார்த்தான். எதிர் டீம்காரன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டான். ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

அன்றிலிருந்து டீம் எப்போது தோற்றாலும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நெட்டை எளிதான பந்தைத் தவறவிட்டால், "இவன் ராசி." கேப்டன் ஐந்து ஃபவுல் செய்து வெளியேறினால், "இவன் முகத்துல முழிச்சேன்." முந்தின நாள் பயிற்சிக்கே வராமல் சினிமாவுக்குப் போனவனும் அதைத்தான் சொன்னான். விசில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு துண்டு பிழிந்தான். டீமில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வெட்கம் கெட்ட திருப்திதான், ஆனால் வேறு திருப்தி யாரும் அவனுக்குத் தரவில்லை.

இது அவனுக்குக் கடைசி வருடம், டீமுக்கு வருடத்தின் கடைசிப் போட்டி. கோச்சின் அறைச் சுவரில் கப் வாங்கிய வருடங்களின் போட்டோக்கள் மாட்டியிருக்கும். மொத்தம் மூன்றே மூன்றுதான். டீம் அவ்வளவு அபூர்வமாகத்தான் ஜெயிக்கும். இரண்டு மாதத்துக்கு முன் கோச் நல்ல மனநிலையில் இருந்த ஒரு நிமிடத்தில், "இந்தத் தடவை கப் வாங்கினா நீயும் போட்டோவுல நில்லுடா," என்று சொல்லிவிட்டார். அவர் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். விசில் அதை அன்றைக்கே வீட்டில் போய்ச் சொன்னான்.

அம்மா நம்பவில்லை. "மூணு வருஷமா சனி ஞாயிறு வீட்டுல தங்காம அந்தப் பந்து பின்னாடி ஓடற. உன் மூஞ்சி எங்கயாவது ஒரு போட்டோவுல இருக்கா? நீ டீமோடதான் போறியா, இல்ல வேற எங்கயாவது போறியான்னு எனக்கே சந்தேகமா இருக்கு," என்றாள்.

அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு போட்டோதான். ஓரத்தில் நின்றால் போதும், பாதி முகம் தெரிந்தால்கூடப் போதும்.

"ஏறட்டும் விடுடா," என்று வேனின் முன்வரிசையிலிருந்து கோச் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தண்ணி பாட்டிலை யார் தூக்குறது? நீ தூக்குவியா?"

கேப்டன் தூக்க மாட்டான். ஆகவே விசில் ஏறினான். பந்துப் பை தன் இடத்திலேயே இருந்தது. விசில் நடைபாதையில் தண்ணீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டான்.

"ஒரே ஒரு கண்டிஷன். விரல் வாய்க்குப் போகக் கூடாது," என்றான் கேப்டன்.

"போகாது. ஆனா கேப்டன், இந்த ராசி சமாசாரம் எல்லாம் சும்மா. அதைக் கணக்குப் போட்டே காட்டிடலாம்."

விசில் புள்ளியியல் மாணவன். எதையும் அட்டவணை போட்டால் தெளிந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. மூன்று வருடத்து முப்பது போட்டிகளையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தான். அதைத் திறந்து, வேன் குலுங்கக் குலுங்கக் கூட்டினான்.

"நான் வந்த மேட்ச் இருபத்தாறு. அதுல ஏழு ஜெயிச்சிருக்கோம். பாத்தியா? நான் இருந்தும் ஏழு!"

"நீ வராதது எத்தனை?" என்று பின்னாலிருந்து நெட்டை கேட்டான்.

"நாலு. ஒரு தடவை காய்ச்சல். ஒரு தடவை அக்கா கல்யாணம். ஒரு தடவை அரியர் பரீட்சை. இன்னொரு தடவை பஸ்ஸை விட்டுட்டேன்."

"அதுல எத்தனை ஜெயிச்சோம்?"

விசில் நோட்டைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"நாலு."

பன்னிரண்டு பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு நாள் நாங்க சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டு இருந்தோம்," என்றான் கேப்டன். "நீ நிரூபிச்சே குடுத்துட்ட."

"நாலு மேட்ச்சை வெச்சு முடிவுக்கு வர முடியாது. சாம்பிள் ரொம்பச் சின்னது."

"நீயும்தான் ரொம்பச் சின்னது. பேசாம உக்காரு."

போட்டி நடந்த கல்லூரியில் எட்டு டீம்கள் வந்திருந்தன. விடுதிப் பட்டியலில் அவர்களுக்குப் பதின்மூன்று படுக்கைதான் எழுதியிருந்தது. பதினான்காவது ஆளை என்ன செய்வதென்று காவலாளி தலையைச் சொறிந்தார். கடைசியில் கூடைப்பந்து அரங்குக்குப் பின்புறம், விடுதியின் கடைக்கோடியில் இருந்த சாமான் அறையைத் திறந்துவிட்டார்.

"கிழிஞ்ச பாய், பழைய வலை வெக்கிற ரூம் தம்பி. மனுஷங்க தங்கறது கிடையாது."

"பரவாயில்லைங்க."

"நீங்க டீம்ல என்னவா இருக்கீங்க?"

"நான்... டீமோட வந்திருக்கேன்."

காவலாளி மரியாதை தெரிந்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை. அறையில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், மூலையில் எண் அட்டைகளைத் திருப்பிப் போடும் பழைய ஸ்கோர் பலகை. விசில் பெட்டியிலிருந்து தன் வெள்ளைச் சட்டையை எடுத்து, நான்காக மடித்து, மூன்று பாய்களுக்கு அடியில் வைத்தான். போட்டோ எடுக்கும்வரை மடிப்புக் கலையாமல் நிற்கும்.

காலிறுதி பதினோரு மணிக்கு. விசில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு ஒழுக்கமாக அந்த அரங்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் என்ன, அரைமணி நேரத்தில் டீம் பதினான்கு புள்ளி பின்தங்கிவிட்டது. கேப்டன் டைம்-அவுட் கேட்டான். கோச் ஏதோ வியூகம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கேப்டன் பார்வையாளர் பக்கம் திரும்பி வாசலைக் காட்டினான்.

"நான் விசிலே அடிக்கலையே!"

"மூச்சு விடறல்ல? வெளிய போ!"

போனான். தாழ்வாரத்தில் நின்றான். அவன் போன ஐந்தாவது நிமிடத்தில் வித்தியாசம் ஆறாகக் குறைந்தது. பத்தாவது நிமிடத்தில் சமம். உள்ளே எழுந்த ஆரவாரம் விசிலைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் ஒற்றைக் கண்ணால், கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து நெட்டை ஃப்ரீ த்ரோ போடக் கையைத் தூக்கியிருந்தான். கண்ணாடியில் விசிலின் கண் தெரிந்தது. பந்து வளையத்தைத் தொடாமலே போயிற்று. இரண்டாவது பந்தும் அப்படியே.

"கேட்டுக்கு வெளிய போடா!" என்று கேப்டன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

கேட்டுக்கு வெளியே போய் நின்றான். டீம் இரண்டு புள்ளியில் ஜெயித்தது. தண்ணீர் பாட்டில்களோடு ஓடி வந்தவனை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

வேறு ஒருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே பாட்டிலைப் போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பான். விசில் மதியம் முழுவதும் பாய்மேல் உட்கார்ந்து யோசித்து, கேப்டனிடம் போய் நின்றான்.

"ஒரு தடவை நடந்ததை வெச்சுச் சொல்லக் கூடாது. சாயங்காலம் செமி ஃபைனல்ல மறுபடி சோதிச்சுப் பாப்போம். நான் பஸ் ஸ்டாப்ல போய் நிக்கறேன். இங்கேருந்து நானூறு மீட்டர். தூரத்துக்கும் பாயின்ட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அதுல தெரிஞ்சுடும்."

"சரி, போ," என்றான் கேப்டன். விசில் கேட்டு அவன் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை.

பஸ் நிறுத்தத்தில் விசில் ஒன்றரை மணி நேரம் நின்றான். பஸ்கள் வந்து நின்று அவனை ஏற்றிக்கொள்ளப் பார்த்தன. ஒவ்வொரு கண்டக்டரிடமும் "நான் ஏறலைங்க" என்று கையை ஆட்டினான். அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்தான்.

"நாளைக்கு போட்டோ எடுப்பாங்கம்மா."

"ஜெயிச்சுட்டீங்களா?"

"நாளைக்கு ஜெயிச்சா."

"எங்க நிப்ப?"

"ஓரமாத்தான் நிக்க முடியும். நான் குள்ளமாச்சே."

"ஓரமா நின்னா பிரேம் போடறப்ப வெட்டிடுவானுங்க. குள்ளமா இருக்கறவங்க முன்னாடிதான்டா உக்காரணும். கோச் பக்கத்துல போய் உக்காரு. பின்னாடி என்ன சத்தம், பஸ் சத்தமா? நீ மேட்ச்சுலதான இருக்க?"

"மேட்ச்சுக்கு... பக்கத்துலதான் இருக்கேன்," என்றான் விசில். நானூறு மீட்டர் பக்கம்தான், பொய்யில்லை.

டீம் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்று மாலை விசில் நோட்டில் ஒரு புது அட்டவணை போட்டான். அரங்குக்குள்: பதினான்கு புள்ளி பின்னால். தாழ்வாரம்: சமம். கேட்டுக்கு வெளியே, அறுபது மீட்டர்: இரண்டு புள்ளி முன்னால். பஸ் நிறுத்தம், நானூறு மீட்டர்: பதினொன்று. அதை வரைபடமாக்கினான். தூரம் கூடக் கூடப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. மூன்று வருடப் படிப்பில் எந்தக் கணக்கும் அவன் சொன்ன பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

தனக்கு ராசி இல்லை என்பதை அவன் அப்போதுதான் நம்பினான். மற்றவர்கள் மூன்று வருடமாகச் சொல்லி முடியாததை அவனே அரைமணி நேரத்தில் தனக்குச் சொல்லிக்கொண்டான். கொஞ்ச நேரம் அழுகை வந்தது. பிறகு, நாளைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டுக்கூடத்தில் ரொட்டியும் முட்டையும் டீயும் வைத்திருந்தார்கள். விசில் நோட்டோடு உள்ளே நுழைந்தபோது டீம் முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. நெட்டை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கோச்கூட இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். விசிலைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

விசில் சுற்றும் முற்றும் பார்த்தான். ஃபைனலில் ஆட வேண்டிய எதிர் டீமின் மேசை காலியாக இருந்தது.

"கேப்டன், அவங்க சாப்பிடக்கூட வரல. இந்நேரமே பிராக்டீஸ்க்குப் போயிருப்பாங்க. நாம இப்படிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?"

இதற்கு நெட்டைக்கு டீ மூக்கில் ஏறியது. கேப்டன் மட்டும் முகத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தான். விசிலின் தோளில் கையைப் போட்டான். மூன்று வருடத்தில் அந்தக் கை அங்கே விழுந்தது அதுதான் முதல் தடவை.

"வாடா மச்சான், வெளிய போய்ப் பேசலாம்."

மச்சான்! விசிலுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"மத்தியானம் மூணு மணிக்கு ஃபைனல். உன்னை வெச்சுத்தான்டா எல்லாமே," என்றான் கேப்டன்.

"தெரியும். நான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிடறேன். நாலு கிலோமீட்டர். என் கணக்குப்படி நூத்தி ஆறு பாயின்ட்ல ஜெயிக்கணும்."

"நூத்தி ஆறெல்லாம் எதுக்குடா? அவ்வளவு தூரம் போயிட்டா போட்டோவுக்கு எப்படி வந்து சேருவ?"

விசில் இதை யோசித்திருக்கவில்லை. கேப்டன் யோசித்திருக்கிறானே என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

"நீ உன் ரூம்லயே இரு. வெளிய பூட்டிக்கறோம். பூட்டின கதவும் தூரமும் ஒண்ணுதான்."

"அது கணக்குல வராதே."

"ஒரு பூட்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு போட்டுக்கோ."

விசில் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். இருபத்தேழு புள்ளி வந்தது. போதும்.

"முடிஞ்சதும் போட்டோவுக்கு வந்து திறப்பீங்கல்ல?"

"உன்னை விட்டுட்டு போட்டோவா? என்னடா பேச்சு இது?" என்றான் கேப்டன். பிறகு கையை நீட்டினான். "போனைக் குடு. உள்ள இருந்து நீ ஸ்கோர் பாத்தாலும் ராசி பாஞ்சு வரும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போனைக் கொடுத்தான்.

இரண்டு மணிக்கே பூட்டிவிட்டார்கள். பூட்டுகிறபோது வெளியே யாரோ களுக்கென்று சிரித்தது விசிலுக்குக் கேட்டது. ஃபைனலுக்கு முந்தைய பதற்றத்தில் சிலர் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். பாய்களை நகர்த்தி வெள்ளைச் சட்டையை எடுத்தான். மடிப்பு கத்தி போல நின்றது. போட்டுக்கொண்டான். தண்ணீரைத் தொட்டுத் தலை வாரினான். வியர்த்து அக்குள் நனைந்துவிடுமே என்று இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்தால் சட்டை கசங்கும்.

மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அரங்கிலிருந்து நடுவரின் விசில் கேட்டது. பந்து தரையில் தட்டும் சத்தம். உடனே ஒரு ஆரவாரம்.

யாருக்கு விழுந்த புள்ளி இது? விசில் புள்ளியியல்காரனாகச் சிந்தித்தான். நீளமான ஆரவாரம் என்றால் நம்முடையது, குட்டையாக முடிந்தால் அவர்களுடையது. இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கக் கூடாது. எதையாவது வைத்துத்தானே தொடங்க வேண்டும்? மூலையிலிருந்த பழைய ஸ்கோர் பலகையை நடுவில் இழுத்துப் போட்டு, தூசி தட்டி, இரண்டு பக்கமும் பூஜ்யம் வைத்தான். பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் அட்டையைத் திருப்பினான்.

அப்படி ஒரு ஆட்டத்தை அவன் பார்த்ததே இல்லை. இப்போதும் பார்க்கவில்லைதான். ஆனாலும் ஒவ்வொரு பந்தும் அவனுக்குத் தெரிந்தது. கேப்டன் இடது பக்கமாகப் புகுந்தான், நெட்டை எம்பினான், எதிரிகள் மூன்று பேர் சேர்ந்து மறித்தார்கள். நடுவில் ஒரு தடவை வெகுநேரம் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஃபைனலில் என்ன சிரிப்பு என்று புரியாமல், அதற்கு மட்டும் யாருக்கும் புள்ளி கொடுக்காமல் விட்டான். ஐம்பது ஐம்பது என்று சமமாக நின்றபோது விரல்கள் தாமாகவே வாய்க்குப் போயின. இடது கையால் வலது கையைப் பிடித்து இறக்கினான். நம்மால் தோற்கக் கூடாது, இந்த ஒரு தடவை மட்டும் கூடாது என்று வாய்விட்டே சொன்னான்.

கடைசி விசில் நான்கரை மணிக்கு. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பலகையில் எழுபத்தொன்று, அறுபத்தெட்டு. மூன்று புள்ளி!

விசில் கதவுக்கு நேரே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். இப்போது வருவார்கள். கப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அது முடிந்து வருவார்கள். கோச் பேசிக்கொண்டிருப்பார், அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஐந்து மணிக்கு வேன் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. போட்டோகிராபரைக் கூட்டி வரப் போகிறது போலும். ஐந்தரைக்குச் சிரிப்பு வலித்தது. அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தான்.

ஆறு மணிக்குப் பூட்டுத் திறந்தது. காவலாளி நின்றிருந்தார். அவர் கையில் விசிலின் போன் இருந்தது.

"ஆறு மணிக்குத் திறந்துவிடச் சொன்னாங்க தம்பி. இந்தாங்க, இதையும் குடுக்கச் சொன்னாங்க."

"டீம் எங்கங்க?"

"கிளம்பிட்டாங்களே, ஒரு மணி நேரம் ஆச்சு."

"என்னை விட்டுட்டா?"

"வண்டியில இடம் இல்லையாம். கப்புக்கு ஒரு சீட் வேணும்னாங்க. உங்களை பஸ்ல வரச் சொல்லிட்டுப் போனாங்க."

விசிலின் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது.

"கப்பா? கப்பு எங்களுக்கா?"

"ஆமா, இவ்வளவு உசரம். கண்ணாடி மாதிரி மின்னுச்சு."

விசில் துள்ளினான். சட்டை கசங்குவது பற்றிக் கவலைப்படாமல் காவலாளியைக் கட்டிப்பிடித்தான். பிறகு பலகையைக் காட்டினான்.

"பாருங்க! எழுபத்தொண்ணு, அறுபத்தெட்டு. சத்தத்தை வெச்சே போட்டேன். சரியா இருக்கா?"

காவலாளி பலகையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் விசில் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டான்.

"அம்மா, ஜெயிச்சுட்டோம்மா!"

"போட்டோ எடுத்தாச்சா? முன்னாடி உக்காந்தியா?"

விசில் வெள்ளைச் சட்டையின் முனையை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சந்தோஷத்துல என்னைக் கூப்பிட மறந்துட்டாங்கம்மா. ஆனா அது பெரிசில்ல. இன்னிக்கு நான் மட்டும் கிரவுண்டுல இருந்திருந்தா இந்த கப்பே இல்ல. அது டீமுக்கே தெரியும். கேப்டனே சொன்னான், உன்னை வெச்சுத்தான்டா எல்லாமேன்னு. போட்டோவுல இல்லேன்னா என்னம்மா, ஜெயிச்சதுல நான் இருக்கேன்ல?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மகன் குரலில் ஏதோ புரிந்தது. "சரிப்பா. சாப்பிட்டியா? பத்திரமா வா," என்றாள்.

விசில் போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மூன்று வருடம் கூடவே அலைந்ததற்கு இது போதும் என்றிருந்தது. யாரிடமாவது ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் போலிருந்தது.

"இந்தப் பூட்டுதாங்க எங்க டீமுக்கு ஃபைனலை ஜெயிச்சுக் குடுத்துச்சு," என்றான்.

காவலாளி கலைந்து கிடந்த பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "ஃபைனல் எங்க தம்பி நடந்துச்சு? எதிர் டீம்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல், நேத்தே ஊருக்குப் போயிட்டாங்கன்னு காலையில டீ குடிக்கறப்பவே கப்பு உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்களே. மத்தியானம் சும்மா ஆடினது எங்க காலேஜ் ஆபீஸ்காரங்க, உங்க பசங்க போட்டோ எடுக்க மட்டும்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க."